ரிப்பனும் லேஸும் சேர்த்த பௌ: காது துவளாமல் நிற்க என்ன செய்தேன்

வெறும் சாட்டின் ரிப்பனில் பௌ, அதாவது பட்டாம்பூச்சி மாதிரி விரியும் ரிப்பன் முடிச்சு, செய்வது யாருக்கும் சீக்கிரம் கைவந்துவிடும். அதன்மேல் லேஸ் ஏறியதும்தான் தொல்லை ஆரம்பிக்கிறது. கட்டி முடித்த கையோடு பார்த்தால் அழகாக இருக்கும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் இருபக்கமும் வளையமாக விரியும் இரண்டு காதுகளும் தொங்கிப்போய், லேஸ் ஒரு பக்கமாகச் சரிந்து, நடு இடுப்பு தடித்து முண்டு மாதிரி நிற்கும். இந்த மூன்றும் நீங்கிய ஒரு பௌ இப்போது எனக்கு நிலையாக வருகிறது. முடி கிளிப்பில் தைத்து, மாட்டிக் கழற்றி, பையில் போட்டு எடுத்த பிறகும் காது நிமிர்ந்தே இருக்கிறது. அதன் அளவுகளையும் வேலை வரிசையையும், வழியில் கைவிட்டவற்றையும் எழுதி வைக்கிறேன்.

இந்த வேலையில் நான் பிடித்துக்கொண்ட விஷயம் ஒன்றுதான். அளவு சொல்வது லேஸ், பாரம் தாங்குவது ரிப்பன். இதை மாற்றிப் போட்டால் எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் பௌ நிற்காது.

எடுத்துக்கொண்ட சாமான்கள்

38 மில்லிமீட்டர் அகல சாட்டின் ரிப்பன், இருபுறமும் பளபளப்பு உள்ளது. ஒருபுறம் மட்டும் பளபளப்பான ரிப்பன் இதற்கு ஒத்துவராது. காதின் வாய் வழியாக உட்பக்கம் தெரியும், அங்கே மங்கலான முகம் எட்டிப்பார்க்கும். அடித்தளத்துக்கு அதே 38 மில்லிமீட்டரில் குரோகிரெயின் ரிப்பன். குறுக்கே சன்னமான வரிகள் நெருக்கமாக ஓடும், தொட்டால் சொரசொரப்பாக இருக்குமே, அந்த ரிப்பன். நடுவில் சுற்ற 15 மில்லிமீட்டர் சாட்டின். லேஸ் 25 மில்லிமீட்டர் அகலத்தில், இரண்டு ஓரமும் வளைவு வளைவாக உள்ள பருத்தி லேஸ். இதை 38 மில்லிமீட்டர் ரிப்பனின் நடுவில் வைத்தால் இருபக்கமும் ஆறரை மில்லிமீட்டர் சாட்டின் தெரியும். பார்ப்பதற்கு அந்த ஓரம் ரொம்ப முக்கியம். லேஸ் ரிப்பனை முழுக்க மூடிவிட்டால் பின்னணி இல்லாமல் அதன் பின்னல் தெரியவே தெரியாது.

கருவிகள்: ரிப்பனுக்கென்றே தனியாக வைத்த கூரான கத்தரி (காகிதம் வெட்டிய கத்தரி சாட்டினை மென்றுவிடும்), 10 ஆம் நம்பர் மெல்லிய ஊசி, தடித்த பாலியெஸ்டர் நூல், மெழுகுத் துண்டு, அங்குஸ்தான் (ஊசி குத்தாமல் விரல் நுனியில் மாட்டும் உறை), லைட்டர், துருப்பிடிக்காத குண்டூசிகள், சின்னத் துணி கிளிப்புகள், குறைந்த சூட்டில் இயங்கும் க்ளூ கன், ஆறு சென்டிமீட்டர் நீள உலோக கிளிப்.

வாங்கும்போது ரிப்பனைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. நுனியில் பத்து சென்டிமீட்டரை மடித்து வளையமாக்கி, அடியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, மேலிருந்து லேசாக அமுக்கி விடுங்கள். உடனே எழும்பினால் அது காதாக நிற்கும். அமுங்கியபடியே கிடந்தால் பௌவின் கீழே தொங்கும் வாலுக்கு மட்டும் உதவும். நான் பார்த்த சாட்டின்களில் பாதிக்கும் மேல் இரண்டாவது ரகம்தான். குரோகிரெயின் அநேகமாக எல்லாமே எழும்புகின்றன.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பருத்தி லேஸ் வெள்ளை என்று விற்றாலும் பக்கத்தில் பளிச்சென்ற வெள்ளைப் பாலியெஸ்டர் சாட்டினை வைத்தால் லேஸ் அழுக்காகத் தெரியும். சாட்டினின் வெள்ளையில் ஒரு நீலச்சாயல் இருக்கிறது, பகல் வெளிச்சத்தில் அது தூக்கிக் காட்டும். வெள்ளைக்கு வெள்ளை பொருத்த முயல்வதைவிட, சாட்டினை இரண்டு மூன்று படி அடர்த்தியான நிறத்தில் எடுப்பது நல்லது. இப்போது நான் கருநீலம், பாசிப்பச்சை, செங்கல் சிவப்பு என்றுதான் எடுக்கிறேன். லேஸ் அதன்மேல் தானாக எழுந்து நிற்கிறது.

லேஸைத் தயார் செய்தல்

லேஸ் எதில் நெய்தது என்பது முதலில் தெரிய வேண்டும். லேபிளை நம்பாமல் ஒரு சின்ன நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர் ஊற்றிய தட்டின் மேல் வைத்துக் கொளுத்திப் பார்த்தேன். பருத்தியாக இருந்தால் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாக உதிரும். நைலானும் பாலியெஸ்டரும் நெருப்பைக் கண்டு பின்வாங்கிச் சுருண்டு, ஆறியதும் கடினமான மணியாக இறுகும். இது தெரியாமல் மேலே போனால் பின்னால் ஓரத்தைக் கருக்கி அடைக்கும் கட்டத்தில் பருத்தி லேஸ் தீப்பிடித்துவிடும்.

என் லேஸ் பருத்தி. அதனால் வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் ஒற்றிக் காயவைத்தேன். ஒரு மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர் போல் குறைந்தது. பௌ ஆன பிறகு இந்தச் சுருக்கம் வந்தால் ரிப்பன் அலை அலையாகத் தூக்கிக்கொள்ளும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. எனவே அளவெடுப்பதெல்லாம் நனைத்துக் காய்ந்த பிறகுதான்.

அப்புறம் கஞ்சி. ஒரு மேசைக்கரண்டி சோள மாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கரைத்து, மொத்தம் 250 மில்லி வருமாறு தண்ணீர் சேர்த்து, கண்ணாடி போலத் தெளியும்வரை கிளறிக் காய்ச்ச வேண்டும். கைபொறுக்கும் சூட்டில் லேஸை முக்கி, இரண்டு விரலுக்கு நடுவில் உருவி, பிளாஸ்டிக் தாள் விரித்த தெர்மோகோல் பலகை மேல் நீட்டிப் போட்டு, ஒவ்வொரு வளைவின் உச்சியிலும் ஒரு குண்டூசி. பொறுமையைச் சோதிக்கும் வேலை இது. ஆனால் வளைவுகள் கூராக நிற்பதும் மொழுக்கென்று போவதும் இங்கேதான் முடிவாகிறது. ராத்திரி முழுக்கக் காயட்டும். குண்டூசி துருப்பிடிக்காததாக இல்லாவிட்டால் காலையில் வளைவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி இருக்கும், அது துவைத்தாலும் போகாது.

கஞ்சிக்குப் பதில் வெள்ளைப் பசையை ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து பூசியும் பார்த்தேன். விறைப்பு பிரமாதம், ஈரத்துக்கும் அசையாது. ஆனால் லேஸுக்கே உரிய துணித்தன்மை போய் பிளாஸ்டிக் பளபளப்பு வந்துவிடுகிறது. காது வளையும் இடத்தில் ஒரு முறிவுக்கோடு விழுகிறது, அதை நிமிர்த்த முடியாது. தட்டையாக ஒட்டும் அலங்காரத்துக்கு அது சரி. வளைய வேண்டிய இடத்துக்குக் கஞ்சிதான்.

காய்ந்த லேஸைத் தேய்க்க வேண்டுமானால் தடித்த துண்டின் மேல் முகம் கீழே இருக்குமாறு போட்டு, மேலே ஒரு மெல்லிய துணி விரித்துத் தேய்க்க வேண்டும். நேராக மேசைமேல் வைத்துத் தேய்த்தால் பின்னலின் மேடு பள்ளமெல்லாம் சப்பையாகிவிடும்.

அளவு எங்கிருந்து வருகிறது

நான் முதலில் ரிப்பனைத்தான் அளந்தேன். பன்னிரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் பௌ வேண்டும், அதற்கு இவ்வளவு நீளம், அதன்மேல் வைக்க அதே நீளத்தில் லேஸ் என்று கணக்குப் போட்டால் ஒரு காதின் நுனியில் பூ முழுதாகவும் மறு காதின் நுனியில் பாதியாகவும் வந்து நின்றது. தையலில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் பார்க்கிற கண் முதலில் அங்கேதான் போகும்.

லேஸில் ஒரே பூ திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளம்வரை என் லேஸில் இரண்டு சென்டிமீட்டர், நனைத்த பிறகு அளந்தது. இந்தப் பௌவில் இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்: அடியில் குரோகிரெயின் வளையம், மேலே லேஸ் ஏறிய சாட்டின் வளையம். அந்த மேல் வளையத்துக்கு முதலில் நினைத்திருந்தது 21 சென்டிமீட்டர். அதில் பத்தரைப் பூக்கள் வரும். பள்ளத்தில் தொடங்கி பூவின் உச்சியில் முடியும், இரண்டு பக்கமும் ஒத்துப்போகவே போகாது. 22 என்று மாற்றினால் சரியாகப் பதினொரு பூ. பள்ளத்தில் தொடங்கிப் பள்ளத்தில் முடியும். நடுப்பூவின் உச்சி பௌவின் நடுவில் விழும், இரண்டு காதுகளும் கண்ணாடியில் பார்த்ததுபோல் பொருந்தும். உங்கள் லேஸில் பூ ஒன்றரை சென்டிமீட்டராக இருந்தால் அந்தக் கணக்கு வேறு. முழுப் பூக்களின் எண்ணிக்கையை முதலில் முடிவுசெய்து, ரிப்பனை அதற்குத் தகுந்தபடி வெட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு சின்ன விஷயம். லேஸ் வளையத்தின் வெளிப்பக்கம் சுற்றுவதால் உள்ளே இருக்கும் ரிப்பனைவிடக் கொஞ்சம் கூடுதல் தூரம் போகிறது. ஒரு மில்லிமீட்டர் தடிமனான லேஸுக்கு ஒரு முழுச் சுற்றில் அது நான்கு மில்லிமீட்டர் வரை வரும். இதை விட்டுவிட்டு இரண்டையும் ஒரே நீளத்தில் வெட்டித் தைத்தால் லேஸ் இறுகி, காது நுனியில் உள்ளே சாட்டின் சுருக்கம் சுருக்கமாக மடங்கும். எனவே லேஸை 22.5 சென்டிமீட்டர் வெட்டினேன். அந்த அரை சென்டிமீட்டரில் மிஞ்சுவது பின்பக்க இணைப்புக்குள் ஒளிந்துகொள்ளும்.

கடைசியில் நிலைத்த அளவுகள் இவை. அடி வளையம்: குரோகிரெயின் 28 சென்டிமீட்டர். மேல் வளையம்: சாட்டின் 22, அதன்மேல் லேஸ் 22.5. வால்: சாட்டின் 24, லேஸ் 24. நடுச்சுற்று: 15 மில்லிமீட்டர் சாட்டினில் 9 சென்டிமீட்டர். இரண்டு வளையங்களிலும் ஒரு சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். 28 சென்டிமீட்டர் துண்டு தட்டையாக வைக்கும்போது பதின்மூன்றரை இருக்கும், இடுப்பைச் சுருக்கிக் காது விரிந்ததும் பன்னிரண்டரை ஆகும். இந்த ஒரு சென்டிமீட்டர் இழப்பை முன்கூட்டியே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பத்து மீட்டர் சாட்டின் சுருளில் இப்படி 21 பௌக்கள் வரும். பத்து மீட்டர் லேஸும் 21க்குத்தான் வரும், ஆக இரண்டும் சேர்ந்தே தீரும். குரோகிரெயின் பத்து மீட்டர் வாங்கினால் 35 வரை போகும். செலவில் பெரும்பங்கு லேஸ்தான், அதனால் மிச்சம் பிடிப்பதென்றால் அங்கேதான் பிடிக்க வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒவ்வொரு முறையும் டேப் வைத்து அளக்க வேண்டாம். தடித்த அட்டையில் 28, 24, 22, 9 என்று நான்கு பட்டைகள் வெட்டி எண் எழுதி வைத்துவிட்டால் வேலை வேகமாக நடக்கும், துண்டுகளும் ஒரே அளவில் இருக்கும்.

வெட்டுவதும் ஓரம் அடைப்பதும்

சாட்டினை வெட்டியவுடன் நூல் பிரிய ஆரம்பிக்கும். லைட்டர் சுடரின் அடிப்பகுதியில், நீலமாக இருக்கும் இடத்தில், ஓரத்தை ஐந்து மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஒரே இழுப்பில் நகர்த்த வேண்டும். சுடர் துணியைத் தொடவே வேண்டாம், சூடு பட்டாலே இழைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் நுனியில் காட்டினால் கரி படியும். மெழுகுவத்திச் சுடரிலும் அதே பிரச்சினை, அதனால் வெளிர் நிற ரிப்பனுக்கு அது ஆகாது. நெருப்பு வேலை செய்யும்போது பக்கத்தில் தண்ணீர்த் தட்டு இருக்கட்டும். கஞ்சி போட்ட பருத்தி லேஸைக் கைக்கெட்டாத தூரத்தில் வைத்துவிடுங்கள்.

வாலின் நுனியை வி வடிவில் வெட்டுவதற்கு ரிப்பனை நீளவாக்கில் இரண்டாக மடித்து, திறந்த கரைகள் இருக்கும் பக்கத்து மூலையிலிருந்து மடிப்பை நோக்கி மேலே 45 டிகிரியில் ஒரே வெட்டு. 38 மில்லிமீட்டர் ரிப்பனில் உள்வெட்டு 19 மில்லிமீட்டர் ஆழம் வரும். மடிப்பு மூலையிலிருந்து தொடங்கினால் நடுவில் ஈட்டி முனைதான் கிடைக்கும். வி வடிவின் உள்மூலைக்குச் சுடரின் சூடு சரியாகப் போய்ச் சேராது, முதலில் பிரிவது அந்த இடம்தான். அங்கே ஊசிமுனையில் துளி துணிப்பசையைத் தொட்டு வைத்தால் போதும்.

பருத்தி லேஸின் நுனியை உருக்க முடியாது. வளையத்தில் வரும் நுனிகள் இணைப்புக்குள் மறைந்துவிடும், அதனால் கவலையில்லை. வாலில் தொங்கும் நுனிகள்தான் கண்ணுக்குத் தெரிபவை. அங்கே நேராகக் குறுக்கே வெட்டாமல், பூவின் வெளிக்கோட்டை ஒட்டி வளைத்து வெட்டினேன். பின்னல் இழைகள் ஒன்றிரண்டு அறுபடும் இடங்களில் அதே துணிப்பசை ஒரு துளி. காய்ந்த பிறகு அந்த நுனி நெய்யும்போதே அப்படி முடித்தது மாதிரி இருக்கிறது. இந்த வேலை முழுவதிலும் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

லேஸை ரிப்பனில் ஏற்றுதல்

இங்கே பசையை விட்டுவிடச் சொல்வேன். க்ளூ கன் பசை லேஸின் ஓட்டைகள் வழியாகப் பளபளக்கும் புள்ளிகளாகத் தெரியும். திரவத் துணிப்பசையைப் பரவலாகப் பூசினால் சாட்டினில் ஊறி, ஈரம் பட்டதுபோல் கருத்த திட்டு நிற்கும். இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கி ஒட்டும் வலைத்தாளைச் சிலர் வைப்பார்கள். அது ஓட்டை வழியாக மேலே வந்து பெட்டியின் அடியில் ஒட்டிக்கொள்ளும், பேக்கிங் தாள் விரித்துத்தான் தேய்க்க வேண்டும். அதோடு முழுக்க ஒட்டிய லேஸ் வளையாது. பௌவின் காதில் லேஸும் ரிப்பனும் கொஞ்சம் தனித்தனியாக நகர இடம் வேண்டும்.

அதனால் தையல்தான், அதுவும் கொஞ்சம் இடங்களில் மட்டும். சாட்டினின் மேல் லேஸை நடுவாக வைத்து, நடுவில் நான்கு சென்டிமீட்டர் தூரத்துக்கு ஓட்டுத்தையல் (ஊசி மேலும் கீழுமாக நேராக ஓடும் தையல்). அப்புறம் நடுவிலிருந்து இருபக்கமும் மூன்றரை சென்டிமீட்டர் தள்ளி, பூவின் கெட்டியான பகுதியில் ஓரத்துக்கு ஒன்றாக இரண்டிரண்டு புள்ளித் தையல். முடிச்சு அந்தக் கெட்டிப் பின்னலுக்குள் மறைந்துவிடும். கடைசியாக இரண்டு நுனிகள். காது வளையும் இடத்தில் ஒரு தையலும் வேண்டாம். லேஸ் சரிந்துபோகாமல் இருப்பதற்கு அந்தப் புள்ளித் தையல்களே போதும், வளைவும் இயல்பாக இருக்கும்.

சாட்டினில் குண்டூசி குத்திய தடம் அழியாது. பிடித்து வைப்பதற்குத் துணி கிளிப்பைத்தான் பயன்படுத்தினேன். குண்டூசி குத்தியே ஆக வேண்டுமென்றால் நடுவில் ஒரு சென்டிமீட்டருக்குள் குத்தலாம், அந்த இடம் நடுச்சுற்றின் அடியில் போய்விடும்.

இடுப்பு

பௌவின் உயிர் இடுப்பில் இருக்கிறது. ஆரம்பத்தில் நான் இரண்டு வளையங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து மொத்தமாக ஊசி ஏற்றினேன். ரிப்பன் நான்கு மடிப்பு, லேஸ் இரண்டு, போதாததற்கு இணைப்புகள் வேறு. ஊசி வளையும், விரல் வலிக்கும், எவ்வளவு இழுத்தாலும் கட்டைவிரல் தடிமனுக்குக் கீழே போகாது. அந்தத் தடித்த இடுப்பில் காதுகள் விரிவதற்குப் பதிலாகத் தட்டையாகப் படுத்துவிடும்.

இப்போது ஒவ்வொரு வளையத்தையும் தனித்தனியாகச் சுருக்குகிறேன். இணைப்பு பின்னால் நடுவில் இருக்குமாறு வளையத்தைத் தட்டையாக வைத்து, மேல் கரையிலிருந்து கீழ்க் கரைக்கு ஆறு மில்லிமீட்டர் இடைவெளியில் ஓட்டுத்தையல் போட்டு, இழுப்பதற்கு முன் விரலால் கொசுவத்தை அமைக்க வேண்டும்: நடுவில் ஒரு மேடு, இருபக்கமும் பள்ளம், ஓரம் மறுபடி மேடு. நூலை மட்டும் நம்பி இழுத்தால் கொசுவம் ஒழுங்கில்லாமல் விழும். அமைந்த பிறகு நூலை இழுத்து, இடுப்பை மூன்று நான்கு முறை சுற்றி இறுக்கி முடிச்சு. சாதாரணத் தையல் நூல் இந்த இடத்தில்தான் அறுந்துபோகும். தடித்த பாலியெஸ்டர் நூலை மெழுகில் இரண்டு முறை உருவி எடுத்தால் வழுக்கிக்கொண்டு இறுகும், விட்டாலும் பின்வாங்காது. அங்குஸ்தான் இல்லாமல் இதில் உட்காராதீர்கள்.

இரண்டும் தனித்தனியாகச் சுருங்கியதும் மேல் வளையத்தின் கொசுவத்தை அடி வளையத்தின் பள்ளத்துக்குள் உட்கார வைத்து, இரண்டையும் சேர்த்து மறுபடி நூலால் சுற்ற வேண்டும். ஒன்றின் மேடு மற்றொன்றின் பள்ளத்துக்குள் போய்விடுவதால் இடுப்பு பாதியாக மெலிகிறது. இடுப்பு மெலிந்ததும் காதுகள் தாமாகவே விரிந்து எழுந்தன.

அடி வளையம் குரோகிரெயினாக இருப்பதற்குக் காரணமும் இங்கே தெரியும். இரண்டு அடுக்கும் சாட்டினில் செய்து, இரண்டிலும் லேஸ் ஏற்றியபோது பார்க்க ஆடம்பரமாகத்தான் இருந்தது. ஆனால் பெரிய காதின் நுனியில் பருத்தி லேஸின் கனம் சேர்ந்ததும் சாட்டின் தாங்கவில்லை. லேஸைச் சின்ன வளையத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கீழே விறைப்பான குரோகிரெயினைக் கொடுத்ததும் மேல் காது அதன்மேல் சாய்ந்துகொள்கிறது. லேஸ் குறைந்தது கண்ணுக்கு இழப்பாகத் தெரியவில்லை. வெறும் வரி ஓடும் ரிப்பன் பக்கத்தில் இருப்பதால் லேஸ் இன்னும் நன்றாகப் பேசுகிறது.

அடி வளையத்தில் மடிப்புக் கோடு ஏதாவது இருந்தால், அடுக்குவதற்கு முன்பே அதை மட்டும் கெட்டில் ஆவியில் ஒரு சாண் தூரத்தில் சில நொடி காட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். லேஸ் சேர்ந்த பிறகு ஆவி காட்டவே கூடாது. கஞ்சி இளகி, பட்ட பாடெல்லாம் வீணாகும்.

வாலும் நடுச்சுற்றும் கிளிப்பும்

வால் சுலபம். சாட்டின் துண்டின் மேல் லேஸ் துண்டை வைத்து, நடுவில் இரண்டு தையல் போட்டு, தலைகீழ் வி போல மடித்துப் பௌவின் பின்னால் தைத்தேன். லேஸ் வாலின் நுனியைப் பூவின் கோட்டில் குறைத்து வெட்டி, சாட்டினின் வி வெட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே நிறுத்தினால் நல்லது. வெட்டும் தெரியும், பூவும் தெரியும்.

நடுச்சுற்றுக்கு 15 மில்லிமீட்டர் ரிப்பனை நீளவாக்கில் மூன்றாக மடித்தால் ஐந்து மில்லிமீட்டர் பட்டை கிடைக்கும். அது கொஞ்சம் ஒல்லி. இரண்டு ஓரத்தையும் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு உள்ளே மடக்கி, ஒன்பது மில்லிமீட்டர் பட்டையாகச் சுற்றியது இந்த அளவு பௌவுக்குப் பொருந்தியது. கையால் கட்டிய தோற்றம் வேண்டுமானால் ரிப்பனை 13 சென்டிமீட்டர் வெட்டி, நடுவில் ஒரு முடிச்சு போட்டு, முடிச்சு முன்னால் வருமாறு சுற்றலாம்.

கிளிப் விழுந்துவிடுவதுதான் இந்த வகை பௌக்களில் அதிகம் கேட்கிற புகார். வழவழப்பான உலோகத்தில் சூட்டுப் பசை பிடிப்பதுபோல் இருக்கும், பிறகு ஒரு நாள் தோலாக உரிந்து வரும். குறைந்த சூட்டிலேயே உருகும் பசை அது, வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்தால்கூட இளகிவிடும். அதனால் முதலில் கிளிப்பின் மேல் தகட்டைப் பத்து மில்லிமீட்டர் குரோகிரெயினால் மேலும் கீழும் சுற்றி ஒட்டினேன். பிறகு பௌவை அந்தத் துணியோடு சேர்த்து ஆறேழு தையல் போட்டேன். அதற்கப்புறம்தான் நடுச்சுற்று, பௌவையும் கிளிப் தகட்டையும் சேர்த்து ஒரே சுற்று. அதன் நுனி கிளிப்பின் உட்புறம் போய் அங்கே ஒரு சொட்டுப் பசையிலும் இரண்டு தையலிலும் முடிகிறது. பசை தற்காலிகமாகப் பிடித்து வைக்கிறது, தாங்குவது தையல்.

பரிசுப் பெட்டிக்கான பௌவாக இருந்தால் கிளிப் வேண்டாம். நடுச்சுற்றின் பின்னால் 30 சென்டிமீட்டர் மெல்லிய ரிப்பனை நுழைத்து விட்டால் பெட்டியைச் சுற்றிய ரிப்பனில் கட்டிக்கொள்ளலாம், மறுபடி அவிழ்த்து எடுத்தும் வைக்கலாம்.

கடைசியாக விரலை ஒவ்வொரு காதுக்குள்ளும் விட்டு உருட்டி வாயைத் திறந்துவிட வேண்டும். எடுத்து வைக்கும்போது காதுக்குள் டிஷ்யூ காகிதத்தைச் சுருட்டி வைத்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் பெட்டியில் ஒரே வரிசையாக வைக்கிறேன். கஞ்சி போட்டதாகையால் ஈரமான இடத்தில் வைக்கக் கூடாது. ஈரக்காற்றில் லேஸ் கொஞ்சம் இளகத்தான் செய்கிறது. ஆனாலும் கீழே குரோகிரெயின் இருப்பதால் பௌவின் உருவம் கெடுவதில்லை.

அடுத்த தொகுதியில் மாற்றப்போவது

முதல் மாற்றம் லேஸின் நீளம். மேல் வளையத்தின் பின்பக்கத்தில் இருக்கும் லேஸை யாரும் பார்ப்பதில்லை, அது அடி வளையத்தை ஒட்டிக் கிடக்கிறது. முன்முகத்தையும் காதின் வளைவையும் மூடி, பின்னால் திரும்பும் இடத்தோடு நிறுத்தினால் 14 சென்டிமீட்டர் போதும், சரியாக ஏழு பூ. நடுப்பூ நடுவிலேயே விழும். வாலோடு சேர்த்து ஒரு பௌவுக்கு 38 சென்டிமீட்டர்தான் ஆகும், பத்து மீட்டரில் 26 பௌக்கள் வரும். மேல் வளையத்தின் இணைப்பில் லேஸ் இல்லாததால் இடுப்பு இன்னும் மெலியும். ஒன்றே ஒன்று செய்து பார்த்தேன். நுனி இரண்டையும் பூவின் கோட்டில் வெட்டிப் பின்னால் மூன்று மூன்று தையலில் நிறுத்தினால் நன்றாகவே நிற்கிறது.

இரண்டாவது, வளையங்களுக்கு ஒரு பலகை. ஒரு மரத்துண்டில் பென்சில் தடிமனுள்ள குச்சிகளைச் செங்குத்தாக நட்டு, வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு ஒரு ஜோடி பத்தரை சென்டிமீட்டர், இன்னொரு ஜோடி பதின்மூன்றரை சென்டிமீட்டர் இருக்கும்படி வைத்தால், ரிப்பனை அதில் சுற்றி நடுவில் கிளிப் போட்டு அப்படியே ஊசி ஏற்றலாம். கையில் பிடித்துத் தைக்கும்போது ஒரு காது மற்றதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் பெரிதாகிவிடுவது இதோடு நின்றுவிடும்.

மூன்றாவது, ரிப்பன் வாங்கப் போகும்போது நனைத்துக் காய்ந்த லேஸில் ஒரு சாண் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு போவது. நிறமும் விறைப்பும் அங்கேயே தெரிந்துவிடும். வெல்வெட் ரிப்பனில் இதே பௌவைச் செய்து பார்க்கவும் ஆசை இருக்கிறது. அதன் தடிமனுக்கு லேஸில் அந்த அரை சென்டிமீட்டர் கூடுதல் போதாது. எட்டு மில்லிமீட்டராவது விட்டு வெட்ட வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.